பொட்டி வந்தாச்சா? ரீலில் இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு வந்த தமிழ் சினிமா

இந்த எபிசோடை எங்க மாமாவில் இருந்து ஆரம்பிக்கலாம். அம்மாவோட அண்ணன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர் தியேட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர். ஆபரேட்டர் என்றால் புரொஜெக்டர் ஓட்டுபவர். முழுப் பரீட்சை லீவுக்கு நான் அங்கே போவேன். மத்தப் பசங்க தாத்தா வீட்டுக்குப் போய் கிணத்துல குதிப்பாங்க. நான் ஆபரேட்டர் ரூமில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ரூமில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். ஒன்று ஓடும்போது இன்னொன்றில் மாமா அடுத்த ரீலை மாட்டி வைப்பார். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டுகிற நேரத்தில் வந்து போகும். அதுதான் சிக்னல். அடுத்த மெஷினை ஓட விடணும். இரண்டாவது வட்டம் வந்ததும் மாத்தணும். கொஞ்சம் அசந்தால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும், மாமாவின் குடும்பம் மொத்தமும் திட்டு வாங்கும். அந்தக் குடும்பத்தில் நானும் சேர்த்தி.

அந்த ஊரில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கும்: "பொட்டி வந்தாச்சா?" படப்பெட்டி. தகர டப்பாக்களில் ரீல் ரீலாக பஸ்ஸிலோ ரயிலிலோ வரும் படம். பொட்டி வந்தால்தான் ஷோ. இன்னைக்கு அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. அந்தப் பொட்டி எப்படிக் காணாமல் போனது, அது போன பிறகு யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது, இதுதான் இன்னைக்கு விஷயம்.

ஒரு படம் எத்தனை கிலோமீட்டர்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 35 எம்.எம். பிலிமில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரு அடிக்கு 16 பிரேம். அப்படியென்றால் ஒரு நொடிக்கு ஒன்றரை அடி, ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. நம்ம ஊர்ப் படம் இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிஷம். மொத்தம் 13,500 அடி. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு பிளாஸ்டிக் ரிப்பன். அதை 14, 15 ரீலாகச் சுற்றி டப்பாவில் போட்டால், ஒரு ஆள் தனியாகத் தூக்க மூச்சு வாங்கும்.

இது ஒரு காப்பி. ஒரு தியேட்டருக்கு. ஒரு பிரிண்ட் போட 50,000 முதல் 60,000 ரூபாய் வாக்கில் ஆகும். 50 தியேட்டரில் ரிலீஸ் பண்ண 25 லட்சத்துக்கு மேல் பிரிண்ட்டுக்கே போய்விடும். படம் ஓடுமா ஓடாதா என்று தெரியும் முன்பே செலவாகிவிட்ட பணம் அது.

அதனால்தான் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்ற பாகுபாடு வந்தது. இன்னைக்கு இந்த வார்த்தைகளை ரசனையைக் குறிக்கச் சொல்கிறோம். "இது சி சென்டர் படம்பா" என்று. ஆனால் அந்தப் பாகுபாட்டுக்கு அடியில் பிரிண்ட் எண்ணிக்கையும் இருந்தது. புதுப் பிரிண்ட் முதலில் பெரிய நகரங்களுக்குப் போகும். அங்கே ஓடி முடித்து, அடுத்த ஊருக்கு, அதுக்கு அடுத்த ஊருக்கு. கடைசியாக மாமாவின் தியேட்டருக்கு வரும்போது படம் ரிலீஸாகி மாசக்கணக்கு ஆகியிருக்கும். பிலிமில் மழை பெய்வது மாதிரி கோடு ஓடும். நடுவில் அறுந்து ஒட்டின இடத்தில் ஹீரோ பாதி வசனத்தில் இருந்து அடுத்த சீனுக்குத் தாவுவார்.

சில ஊர்களில் ஒரே பிரிண்ட்டை இரண்டு தியேட்டர்கள் பகிர்ந்துகொண்ட கதையும் உண்டு. ஒரு தியேட்டரில் அரை மணி நேரம் முன்னதாக ஷோ ஆரம்பிப்பார்கள். முதல் ரீல்கள் முடிந்ததும் ஒரு பையன் சைக்கிளில் வைத்து அடுத்த தியேட்டருக்கு ஓட்டுவான். டயர் பஞ்சர் ஆனால் இடைவேளை நீளும். நெட்வொர்க் லேட்டன்சி என்று நாங்கள் ஆபீஸில் பேசுகிறோமே, அதோட சைக்கிள் வடிவம் இதுதான்.

சென்னையில் இருந்து வந்த பதில்

இப்போ 1986-க்குப் போவோம். சென்னையில் ஜெயேந்திராவும் செந்தில்குமாரும் ரியல் இமேஜ் என்ற நிறுவனத்தை ஆரம்பிக்கிறார்கள். இந்திய சினிமாவுக்குள் கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி', ஏவிட் என்ற டிஜிட்டல் எடிட்டிங் முறையை இந்தியாவில் முதன்முதலில் பயன்படுத்திய படங்களில் ஒன்று. அதுவரை எடிட்டிங் என்றால் நிஜமாகவே வெட்டி ஒட்டுவதுதான். பிலிமை வெட்டி, டேப் போட்டு, ஓட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டணும். கண்ட்ரோல் இஸட் கிடையாது.

எடிட்டிங் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. ஆனால் படம் தியேட்டருக்குப் போக மறுபடி பிலிமாகத்தான் மாறணும். அந்தக் கடைசிக் கட்டத்தையும் டிஜிட்டலாக்க உலகம் முழுவதும் முயற்சி நடந்தது. 2002-ல் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து டி.சி.ஐ. என்ற அமைப்பை உருவாக்கின. 2005-ல் அவர்களுடைய ஸ்பெசிபிகேஷன் வந்தது. ரெசல்யூஷன் எவ்வளவு, எந்த முறையில் கம்ப்ரஸ் செய்யணும், எப்படிப் பூட்டணும், எல்லாம் அதில் இருந்தது. அருமையான ஆவணம், நான் வாசித்திருக்கிறேன், ஒரு இன்ஜினியருக்கு அது விருந்து.

ஒரே பிரச்சினை விலை. அந்தத் தரத்துக்கு ஏற்ற புரொஜெக்டரும் சர்வரும் வாங்குவதென்றால், பத்து இருபது ரூபாய் டிக்கெட் விற்கும் நம்ம ஊர் தியேட்டர் ஓனர் தியேட்டரையே விற்கணும்.

இங்கேதான் இந்தியா வேறு வழியில் போனது. 2000-களின் நடுவில் ரியல் இமேஜ் கியூப் என்ற தன் டிஜிட்டல் சினிமா முறையைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் மும்பையில் இருந்து யூ.எப்.ஓ. மூவீஸ் சாட்டிலைட் வழியாகப் படங்களை அனுப்ப ஆரம்பித்தது. யோசனை எளிமையானது: ஹாலிவுட் தரம் வரும்வரை சின்ன தியேட்டர்கள் காத்திருக்க வேண்டாம். விலை குறைந்த புரொஜெக்டர், ஒரு சர்வர், அதுக்குள் பூட்டிய பைலாகப் படம். பழைய பிரிண்ட்டில் கோடு விழுந்த படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பைல் எவ்வளவோ மேல்.

நம்ம கதையில் முதல் திருப்பம் இது. உலகத்தின் பல நாடுகளில் டிஜிட்டல் புரொஜெக்ஷன் பெருநகர மல்டிபிளெக்ஸில் ஆரம்பித்துக் கீழே இறங்கியது. இங்கே சின்ன ஊர் தியேட்டர்களுக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. ஏனென்றால் அதன் தேவை அங்கேதான் அதிகம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் முன்பே மாமாவின் தியேட்டரில் அந்த சர்வர் உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷ தீபாவளிக்கு, அந்த ஊர் வரலாற்றிலேயே முதல் தடவையாக, சென்னையில் ரிலீஸான அதே நாளில் படம் ஓடியது. ஊரே திருவிழா மாதிரி இருந்தது. மாமா மட்டும் கொஞ்சம் அமைதியாக இருந்தார்.

ஸ்டில் கேமரா செய்த வேலை

படத்தைக் கொண்டுபோகும் வழி மாறியது ஒரு பக்கம். படம் எடுக்கும் வழி மாறியது இன்னொரு பக்கம்.

பிலிமில் படம் எடுக்கும்போது இயக்குநரின் தலைக்குள் ஒரு டாக்ஸி மீட்டர் ஓடும். 400 அடி மேகசின் நாலரை நிமிஷத்தில் காலி. ஒவ்வொரு ரோலுக்கும் காசு, அதைக் கழுவ லேபுக்குக் காசு, பாசிட்டிவ் போடக் காசு. புது நடிகர் பத்து டேக் வாங்கினால் தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடிப்பார். அதனால் யார் கையில் கேமரா போகலாம் என்பதைப் பணமே முடிவு செய்தது. பல வருஷம் உதவி இயக்குநராக இருந்து, ஒரு தயாரிப்பாளர் நம்பினால்தான் முதல் அடி பிலிம் ஓடும்.

டிஜிட்டலில் படமெடுக்கும் முயற்சிகள் தமிழில் சீக்கிரமே தொடங்கின. பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-ல் டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்'. ஆனால் அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் சின்னது. முகம் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் தெரிகிற அந்த 'சினிமா லுக்' சுலபத்தில் வராது. டிவி சீரியல் மாதிரி இருக்கு என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள்.

2007-ல் ரெட் ஒன் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை 17,500 டாலர். லென்ஸும் மற்ற சாமான்களும் தனி. நமக்கு அது பெரிய தொகை, ஆனால் அந்தக் காலத்து சினிமா கேமராக்களின் விலையோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அடுத்த வருஷம் நடந்ததுதான் இன்னும் சுவாரசியம்.

2008 செப்டம்பரில் கேனன் நிறுவனம் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமராவை அறிவித்தது. அதில் வீடியோ ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வெப்சைட்டுக்குக் கொஞ்சம் வீடியோவும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. அதை வைத்து யாராவது சினிமா எடுப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே தடவையில் 12 நிமிஷம் வாக்கில்தான் பதிவாகும். சினிமாவுக்குத் தேவையான நொடிக்கு 24 பிரேம்கூட முதலில் கிடையாது, 2010-ல் சாப்ட்வேர் அப்டேட்டில்தான் வந்தது.

ஆனால் அந்த சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். சினிமா பிலிமின் பிரேமை விடப் பெரியது. பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்தது. அமெரிக்காவில் பாடியின் விலை 2,699 டாலர். நம்ம ஊரில் வாங்கவே வேண்டாம், கல்யாண வீட்டு போட்டோகிராபரிடம் நாள் வாடகைக்குக் கிடைக்கும்! ஒரு தயாரிப்பாளரின் நம்பிக்கை தேவைப்பட்ட இடத்தில் இப்போது நண்பனின் அண்ணனுடைய ஸ்டூடியோ போதும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளணும், அவ்வளவுதான்.

2012

சரியாக இந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. 2009-ல் கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வந்தது. குறும்படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், நடுவர்கள் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதே குறும்படங்கள் யூடியூபிலும் ஓடின. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படம் இணையத்தில் பரவி, 2012-ல் அதே பெயரில் முழுநீளப் படமானது.

அந்த 2012-ஐக் கொஞ்சம் பாருங்க. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' சினிமா கேமராவில் இல்லாமல் கேனன் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதே வருஷம் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி', கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'. அடுத்த வருஷம் 'நாளைய இயக்குநர்' முதல் சீசனில் ஜெயித்த நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்'. கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியரிங் படித்து வேலைக்குப் போனவர், யாரிடமும் பல வருஷம் உதவி இயக்குநராக இருக்காமல் குறும்படம் வழியாக உள்ளே வந்தவர். இன்ஜினியரிங் ஹாஸ்டல்களில் இது என்ன விளைவை ஏற்படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்க பிளாக்கில் மட்டும் நாலு இயக்குநர்கள் இருந்தோம். நடிகர்தான் கிடைக்கவில்லை.

அதே 2012 ஜனவரியில்தான் அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. செப்டம்பரில் பூஜிபிலிம் சினிமா பிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒரு கதவு திறந்த வருஷத்திலேயே இன்னொன்று மூடியது. சென்னையில் தலைமுறை தலைமுறையாக பிலிம் கழுவிக்கொண்டிருந்த லேப்களில் அடுத்த சில வருஷங்களில் வேலை வற்றிப்போனது. நெகட்டிவ் கட்டர், கலர் கிரேடர், கெமிக்கல் பார்த்தவர் என்று பலருடைய கைத்தொழில் அதோடு போனது.

கதவு நகர்ந்த இடம்

இப்போ ஒரு சந்தேகம் வரணும். படம் எடுப்பது மலிவாகிவிட்டது. காப்பி போடும் செலவும் பெரிதாகக் குறைந்துவிட்டது. அப்போ சின்னப் படங்களுக்குப் பொற்காலம்தானே?

எண்ணிக்கையில் பார்த்தால் ஆமாம். சில வருஷங்களில் தமிழில் மட்டும் 200-க்கும் மேல் படங்கள் ரிலீஸாகின. ஆனால் தியேட்டர்கள் அதே அளவு பெருகவில்லை. வருஷத்துக்கு 52 வெள்ளிக்கிழமைதான். வாரத்துக்கு நாலு படம். பிரிண்ட் போடும் காலத்தில் ஒரு பெரிய படம் குறிப்பிட்ட அளவு தியேட்டர்களில்தான் வரமுடியும், பிரிண்ட் செலவு ஒரு வேகத்தடை மாதிரி. டிஜிட்டலில் அந்தத் தடை இல்லை. பெரிய நடிகரின் படம் ஒரே நாளில் ஊரில் உள்ள எல்லா ஸ்க்ரீனையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாளில் வசூலை அள்ளிவிட்டு நகரலாம். நாலாவது நாள் வாய்மொழியாக விஷயம் பரவி ஆள் சேரவேண்டிய சின்னப் படம் திங்கட்கிழமை காலையில் தூக்கப்பட்டிருக்கும்.

சின்னப் படத்துக்குக் கதவைத் திறந்ததும் பெரிய படத்துக்கு எல்லா ஸ்க்ரீனையும் கொடுத்ததும் ஒரே தொழில்நுட்பம். எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆனது.

அடுத்தது பணம். புரொஜெக்டரும் சர்வரும் யார் வாங்கிக் கொடுத்தது? பெரும்பாலும் டிஜிட்டல் சேவை நிறுவனங்கள். அந்த முதலீட்டைத் திரும்ப எடுக்க வி.பி.எப். என்ற கட்டணம் வந்தது. வர்ச்சுவல் பிரிண்ட் பீ. பிரிண்ட் போடாமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கைத் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ ஒவ்வொரு தியேட்டருக்கும் கட்டணும். ஆரம்பத்தில் இது நியாயமான ஒப்பந்தம்தான். அமெரிக்காவில் இந்தக் கட்டணத்துக்கு ஒரு முடிவுக் காலமும் இருந்தது. "மெஷின் கடன் அடைந்த பிறகும் ஏன் கட்டணும்?" என்று இங்கே தயாரிப்பாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இது கடன் தவணை இல்லை, தொடர்ந்து கொடுக்கும் சேவைக்கான கட்டணம் என்பது நிறுவனங்களின் பதில்.

2018 மார்ச் 1-ம் தேதி புதுத் தமிழ்ப் படங்கள் எதுவும் வராது என்று தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது. மார்ச் 16-ல் இருந்து படப்பிடிப்புகளும் நின்றன. ஏழு வாரம். லைட்மேன், டிரைவர், மெஸ் வைத்திருப்பவர் எல்லாரும் வேலை இல்லாமல் இருந்தார்கள். ஏப்ரலில் அரசு முன்னிலையில் பேசி, கட்டணத்தைக் குறைத்து ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு ஏப்ரல் 20-ல் வந்த படம் 'மெர்க்குரி'. எடுத்தவர், குறும்படத்தில் இருந்து வந்த அதே கார்த்திக் சுப்புராஜ். அந்தப் படத்தில் வசனமே கிடையாது. எத்தனை பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு பேசாத படம் பாருங்க.

ஒரு சாவியின் கதை

இந்த இடத்தில் என் தொழில் புத்தியைக் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் தரத்தில் ஒரு டிஜிட்டல் படம் தியேட்டருக்குப் போவது டி.சி.பி. என்ற பைல் தொகுப்பாக. நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். 150 நிமிஷப் படம் என்றால் 280 ஜி.பி. வரை வரலாம். அது ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின சாவி தனியாக வரும், அதுக்குப் பேர் கே.டி.எம்.

அழகு என்னவென்றால், அந்தச் சாவியும் பூட்டித்தான் வரும். ஒவ்வொரு தியேட்டர் சர்வருக்கும் தனி பப்ளிக் கீ உண்டு. அதை வைத்துப் பூட்டினால் அந்த ஒரு சர்வர் மட்டுமே திறக்க முடியும். கூடவே எந்தத் தேதி, எந்த மணியில் இருந்து எந்த மணி வரை என்று கெடுவும் இருக்கும். பத்து மணி ஷோவுக்கு உரிய சாவி ஒன்பதே முக்காலுக்கு வேலை செய்யாது. போனில் வாட்ஸ்அப் என்கிரிப்ட் ஆவதன் அடிப்படையும் இந்தக் கணித வகைதான்.

இப்போ முதல் நாள் முதல் காட்சிக்கு நீங்கள் நின்ற அனுபவத்தை நினைத்துப் பாருங்க. பால் ஊற்றியாச்சு, பட்டாசு வெடிச்சாச்சு, உள்ளே உட்கார்ந்தாச்சு. படம் போடவில்லை. "கே.டி.எம். வரலையாம்" என்று ஒரு குரல். பல நேரம் டெக்னிக்கல் பிரச்சினை எதுவும் இருக்காது. படம் சர்வரில் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கும். தயாரிப்பாளருக்குக் கடன் கொடுத்தவர் கணக்கு முடியாமல் சாவியைக் கொடுக்க விடமாட்டார். விடிய விடிய பேச்சு நடக்கும். பழைய காலத்திலும் லேபில் பிரிண்ட்டை நிறுத்தி வைத்துப் பணம் வாங்குவது உண்டு. பொட்டியைப் பிடித்து வைத்த கை இன்னைக்குச் சாவியைப் பிடித்து வைத்திருக்கிறது. கை மாறவில்லை.

வீட்டுக்கு வரும் வழி

தியேட்டரைச் சுற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகலாமே என்ற யோசனையும் தமிழில் சீக்கிரமே வந்தது. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு ஒரு நாள் முன்னதாக டி.டி.எச்.சில் 1,000 ரூபாய்க்குக் காட்டப்போவதாக அறிவித்தார். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். சொன்னபடி அது நடக்கவில்லை. பிறகு அந்தப் படத்துக்கு வேறு காரணத்துக்காகத் தடை வந்தது தனிக் கதை. 2015-ல் இயக்குநர் சேரன் 'சி2எச்', அதாவது சினிமா டு ஹோம் என்று ஒரு முயற்சி எடுத்து, தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார். அதுவும் நீடிக்கவில்லை. டிவிடி பிளேயரே வீடுகளில் இருந்து வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது.

2020-ல் கொரோனா வந்து தியேட்டர்களை மூடியது. மே 29-ம் தேதி 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. தியேட்டர் உரிமையாளர்கள் மறுபடி கொதித்தார்கள், ஆனால் இந்த முறை தியேட்டரே திறந்திருக்கவில்லை. நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தது. ஏழு வருஷம் முன்னால் கலகமாகத் தெரிந்தது இப்போது சாதாரணமாகிவிட்டது.

சின்னப் படங்களுக்கு இது கதவா? கொஞ்ச நாள் அப்படித்தான் தெரிந்தது. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். ஆனால் நீங்களும் நானும் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருந்தோம், சோனி லிவ்வில். ஒரு பைல் உலகத்தின் எந்த மூலைக்கும் சில மணி நேரத்தில் போகக்கூடிய காலத்தில், அந்தப் படம் நமக்கு வந்து சேர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனது. மாமாவின் தியேட்டருக்குப் பொட்டி வர ஆன நேரத்தை விட அதிகம். தூரம் இப்போது கிலோமீட்டரில் இல்லை. யார் வாங்குவார்கள், எவ்வளவுக்கு, எப்போது வெளியிடுவார்கள் என்பதில் இருக்கிறது.

வைத்திருப்பது யார்?

கடைசியாக ஒரு விஷயம். எனக்குத் தனிப்பட்ட முறையில் வலிக்கும் விஷயம்.

மூன்றாவது வருஷம் படிக்கும்போது நானும் ஒரு குறும்படம் எடுத்தேன். 18 நிமிஷம். கதாநாயகன் ஒரு ஆபரேட்டர். நடித்தவர் மாமாவேதான். அந்த ரூம், அந்தப் பழைய மெஷின், அவர் கையால் பிலிமைப் பிளேடால் சுரண்டி ஒட்டுவது, எல்லாம் இருந்தது. வாடகை கேமரா, ஒரே வெளி ஹார்ட் டிஸ்க். யூடியூபில் பிறகு போடலாம் என்று இருந்தேன், சவுண்ட் இன்னும் சரி பண்ணணும் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் டிஸ்க்கைச் செருகினேன், டிக் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீட்டுத் தருகிற கடையிலும் கை விரித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மாமா இறந்துவிட்டார். அவர் பேசி நடமாடின ஒரே வீடியோ அதுதான்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். ஆபீஸில் மூன்று இடத்தில் பேக்கப் இல்லாமல் ஒரு வரி கோடு போடமாட்டேன். அந்தப் படத்துக்கு ஒரே காப்பிதான் வைத்திருந்தேன்.

இது என் ஒருத்தனுடைய கவனக்குறைவு மட்டும் இல்லை. 2007-ல் ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமி ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு படத்தின் மாஸ்டரைப் பிலிமாகப் பாதுகாக்க வருஷத்துக்கு 1,059 டாலர், 4கே டிஜிட்டலாகப் பாதுகாக்க 12,514 டாலர் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 12 மடங்கு. அதன் பிறகு ஸ்டோரேஜ் விலை இறங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அடிப்படை மாறவில்லை. பிலிமைக் குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்துவிட்டால் பல பத்தாண்டுகள் கிடக்கும். டிஜிட்டல் பைல் அப்படிக் கிடக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கோ டேப்புக்கோ மாத்தணும், பைல் கெட்டிருக்கா என்று சோதிக்கணும், அதைத் திறக்கும் சாப்ட்வேர் உயிரோடு இருக்கா என்று பார்க்கணும். யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கணும்.

நம்ம ஊருக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. பிலிம் காலத்தில் அலட்சியத்தாலும் தீயாலும் அழுகலாலும் இழந்தோம். 2010-க்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான சின்னப் படங்களுக்கு நெகட்டிவ் என்று ஒன்றே கிடையாது. அவற்றின் மாஸ்டர் எங்கேயோ ஒரு அலமாரியில், ஒரு ஹார்ட் டிஸ்க்கில். தயாரிப்பாளர் ஒரே படத்தோடு ஊருக்குப் போயிருப்பார். அந்த டிஸ்க்கைக் கடைசியாக யார், எப்போது செருகிப் பார்த்தார்கள்?

படம் எடுக்கும் செலவு குறைந்ததால் உள்ளே வந்தவர்கள் நிறைய. 'வழக்கு எண்'ணும் 'கூழாங்கல்'லும் நமக்குக் கிடைத்ததில் அதுக்குப் பங்கு உண்டு. அந்த லாபத்தை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவும் காப்பாற்றி வைக்கும் செலவும் அதே வேகத்தில் குறையவில்லை. அந்த இரண்டும் யார் கையில் இருக்கிறதோ, எந்தப் படத்தை நாம் பார்ப்போம், எந்தப் படம் மிஞ்சும் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

மாமாவின் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். போன ஆவணியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஆபரேட்டர் ரூம்தான் பாத்திரம் வைக்கும் அறை. சுவரில் அந்த இரண்டு சதுர ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. அதன் வழியாக மணமேடை தெரிந்தது. அங்கே ஒரு பையன் கையடக்கக் கேமராவில் எல்லாவற்றையும் 4கே-யில் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே போய் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, இதுக்கு எத்தனை காப்பி வைப்பே?"

சிரிச்சான். "பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்துடுவோம்ணா."

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலரிடம் காலேஜ் குறும்படம் ஒன்று இருக்கும், தாத்தா பாட்டி பேசின வீடியோ ஒன்று இருக்கும். இந்த வாரக் கடைசியில் அந்த டிஸ்க்கைத் தேடி எடுத்துச் செருகிப் பாருங்க. ஓடினால் இன்னும் இரண்டு இடத்தில் காப்பி போடுங்க, ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். போட்டு முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.